கல்லூரிக்குள் வேலை: நூலகச் சாவி யாருக்கு, துடைப்பம் யாருக்கு?

'படிக்கும்போதே சம்பாதிக்கலாம்' என்று கல்லூரிகள் இப்போது அடிக்கடி பேசுகின்றன. சமூக, பொருளாதார நிலையில் பின்தங்கிய மாணவர்களுக்காக இப்படிப்பட்ட திட்டங்களை வளாகத்துக்குள்ளேயே நடத்தலாம் என்று யு.ஜி.சி.யும் சொல்லியிருக்கிறது. நூலகத்தில் இரண்டு மணி நேரம், ஆய்வகத்தில் இரண்டு மணி நேரம், அலுவலகக் கணினியில் பதிவேற்றம், மாதக் கடைசியில் கையில் கொஞ்சம் பணம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எங்கள் மாலை நேரப் படிப்பு மையத்துக்குப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர்களில் பலருக்கு இதில் சந்தோஷம். "எங்கியோ மண்டபத்துல போயி எல எடுக்கறதுக்கு, காலேஜுக்குள்ளயே ஒரு வேல இருந்தா நல்லதுதானே" என்று ஓர் அம்மா எங்களிடம் கேட்டார். நியாயமான கேள்வி.

நாங்களும் இந்தத் திட்டத்துக்கு எதிரானவர்கள் இல்லை. என்ன வேலை, யார் கொடுக்கிறார்கள், யாருக்குக் கொடுக்கிறார்கள், எதில் கையெழுத்து வாங்குகிறார்கள் என்று கேட்காமல் கைதட்ட முடியாது என்றுதான் சொல்கிறோம்.

முதலில் வெளியே போகிற வேலையைப் பார்த்துவிடுவோம். எங்களிடம் வரும் கலைக் கல்லூரி மாணவர்களில் வேலைக்குப் போகாதவர்களைத்தான் விரல்விட்டு எண்ண வேண்டும். முகூர்த்த நாளில் கேட்டரிங், ஆடிக்கும் தீபாவளிக்கும் ஜவுளிக்கடை, மற்ற நாட்களில் பெயிண்ட், சென்ட்ரிங், டைல்ஸ், கொரியர். ஷிப்ட் முறை நடந்த அரசுக் கல்லூரிகளில், காலை வகுப்பு முடிந்து கிளம்பினால் இரவு கடை மூடும்வரை நிற்க வேண்டும். கேட்டரிங் போன பையன் விடியற்காலை நான்கு மணிக்குப் படுத்து, முதல் இரண்டு வகுப்பையும் கோட்டை விடுகிறான். செமஸ்டர் முடிவில் வருகைப் பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே இறங்கியிருக்கும். கண்டோனேஷன் கட்டு என்பார்கள். இலை எடுத்துச் சம்பாதித்ததில் ஒரு பங்கு அங்கேயே போகும்.

'உங்களுக்குத்தான் ஸ்காலர்ஷிப் வருதே, அப்புறம் எதுக்கு வேலை?' என்று கேட்பவர்களுக்காக ஒரு சின்னக் கணக்கு. பட்டியல் சாதி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை 1944இல் தொடங்கியது. அண்ணல் அம்பேத்கர் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் இருந்த காலம் அது. இன்று அதன் நிலைமை என்ன? மத்திய அரசின் 2021 விதிமுறைப்படி, வீட்டிலிருந்து வந்து சாதாரண பி.ஏ., பி.எஸ்சி. படிக்கும் மாணவருக்குக் கல்விக் கட்டணம் போக ஆண்டுக்குக் கிடைப்பது 3,000 ரூபாய். விடுதியில் தங்கினால் 6,000. மூவாயிரத்தைப் பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 250. நூறு நாள் வேலைக்கு 2024-25இல் தமிழ்நாட்டுக்கு அறிவித்த தினக்கூலி 319. அம்மா ஏரியில் ஒரு நாள் மண் வெட்டினால் கொடுப்பதாக அரசு சொல்லும் தொகையைவிட, மகனின் ஒரு மாதப் படிப்புச் செலவுக்கு அதே அரசு கொடுப்பது குறைவு. பெற்றோரின் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்தைத் தாண்டினால் அதுவும் கிடையாது. அரசுப் பள்ளியில் படித்து வந்தவர்களுக்குப் புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 வருகிறது. அது பஸ்ஸுக்கும் ஜெராக்ஸுக்கும் கைகொடுக்கிறது, மறுக்கவில்லை.

தொகையைவிடப் பெரிய சிக்கல், அது வரும் நேரம். ஜூனில் கட்ட வேண்டிய பணத்துக்கு உதவித்தொகை அடுத்த வருடம் வந்தால் இடையில் என்ன செய்வது? 2016 ஜனவரியில் ரோஹித் வெமுலா எழுதி வைத்துவிட்டுப் போன கடிதத்தில், தனக்கு வரவேண்டிய ஏழு மாத ஆய்வு உதவித்தொகையான ஒரு லட்சத்து எழுபத்தைந்தாயிரம் ரூபாயைப் பற்றியும் எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தின் மற்ற வரிகளை எல்லா மேடையிலும் படிக்கிறார்கள். இந்தக் கணக்கை மட்டும் படிக்காமல் தாண்டிவிடுகிறார்கள்.

இந்தப் பள்ளத்தில்தான் வளாக வேலை வந்து உட்காருகிறது. திட்டம் என்ற பெயர் வருவதற்கு முன்பே பல கல்லூரிகளில் அது நடந்துகொண்டுதான் இருக்கிறது. வட மாவட்டக் கல்லூரி ஒன்றில் (அடையாளம் அவ்வளவு போதும்) பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு மாணவன் தினமும் எட்டரைக்கே போவான். அலுவலகத்துக்கும் முதல்வர் அறைக்கும் தண்ணீர் கேன் தூக்கிவைக்க வேண்டும். பத்தரைக்கு டீ வாங்கி வர வேண்டும். விழா என்றால் செமினார் ஹாலுக்கு நாற்காலி, முடிந்தபின் அதே நாற்காலிகள் திரும்ப மாடிக்கு. நாக் கமிட்டி வருவதற்கு முந்தைய வாரம் முழுக்க வகுப்பே இல்லை. செடி வெட்டுவது, சுவரில் ஒட்டிய போஸ்டரைச் சுரண்டுவது, கடைசியில் மாணவர் கழிப்பறை. மாதம் ஆயிரம் தருவதாகப் பேச்சு. தந்த மாதங்களில் யாரோ ஒருவரின் சட்டைப் பையிலிருந்து ஐந்நூறு ரூபாய்த் தாள் வந்தது. தராத மாதத்தில் கேட்கவும் முடியாது, ஏனென்றால் கேட்பதற்கு ஒரு சீட்டுகூட இல்லை. இன்டர்னல் தேர்வுக்காக ஒரு வாரம் போகாமல் இருந்தான். "ஃப்ரீயாத்தானடா படிக்கிற, இதுகூடச் செய்ய மாட்டியா?" என்று அலுவலகத்தில் கேட்டார்கள். அந்த செமஸ்டரில் அவன் ஹால் டிக்கெட்தான் கடைசியாக வந்தது.

இதே கல்லூரியில் நூலகத்தில் புத்தகங்களுக்கு எண் ஒட்டவும், சேர்க்கை விண்ணப்பங்களைக் கணினியில் ஏற்றவும் மாணவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். குளிர்சாதன அறை, மேசை, நாற்காலி. அவர்களை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள் என்று கேட்டதற்கு 'தெரிஞ்ச பசங்க, நம்பிக்கையான பசங்க' என்று பதில் வந்தது. யாரும் யாரிடமும் சாதி கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை. ஸ்காலர்ஷிப் பட்டியல் அலுவலக மேசைமேல்தான் கிடக்கிறது.

சாதி என்பது வேலைகளை மட்டும் பிரிப்பதில்லை, வேலை செய்கிறவர்களையே பிரித்து ஒருவர்மேல் ஒருவராக அடுக்குகிறது என்று அம்பேத்கர் 1936லேயே எழுதிவிட்டார். எம்.ஏ. சமூகவியலில் அதைப் பாடமாகப் படித்தோம். ஒரே கல்லூரியின் இரண்டு அறைகளில் அதை நேரில் பார்த்தபோதுதான் பாடம் முழுதாகப் புரிந்தது.

எங்கள் பிள்ளைகளுக்குத் துடைப்பம் என்பது வெறும் பொருள் இல்லை. 2022 கடைசியில் ஈரோடு மாவட்டம் பெருந்துறைப் பக்கம், தலித் குழந்தைகளைப் பள்ளிக் கழிப்பறை கழுவ வைத்த புகாரில் ஒரு தலைமையாசிரியை வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் கைதானார். அவை தொடக்கப் பள்ளிக் குழந்தைகள். அந்த வயதில் கையில் திணிக்கப்பட்டதைப் பதினெட்டு வயதில் 'திட்டம்' என்ற பெயரில் மறுபடியும் நீட்டினால், அதை வாங்கும் கை நடுங்காதா? 'உழைப்பில் என்ன கேவலம்' என்று இங்கே வகுப்பெடுக்கும் பேராசிரியர்கள், தம் பிள்ளை படிக்கும் கல்லூரியில் அந்தப் பிள்ளை கையில் பினாயில் வாளியைக் கொடுத்தால் என்ன சொல்வார்கள் என்று யோசித்துக்கொள்ளட்டும்.

உழைத்துக்கொண்டே படிப்பதற்கு ஒடுக்கப்பட்டோர் வரலாற்றில் இடம் இல்லாமல் இல்லை. 1872இல் அடிமைத்தளையிலிருந்து விடுபட்டு ஏழு ஆண்டுகளே கடந்திருந்த நிலையில், புக்கர் டி. வாஷிங்டன் அமெரிக்காவின் ஹாம்ப்டன் கல்வி நிலையத்துக்குப் பெரும்பகுதி நடந்தே போய்ச் சேர்ந்தார். அவருக்கு வைத்த நுழைவுத் தேர்வு, ஓர் அறையைப் பெருக்குவது. மூன்று முறை பெருக்கி, நான்கு முறை துடைத்தாராம். பிறகு அங்கேயே துப்புரவாளர் வேலை பார்த்துத் தன் சாப்பாட்டுச் செலவை ஈடுகட்டிப் படித்தார். பின்னாளில் அவர் நடத்திய டஸ்கீகி நிறுவனத்தில் மாணவர்களே செங்கல் அறுத்துக் கட்டடம் கட்டினார்கள். பெரிய சாதனைதான். ஆனால் கறுப்பின இளைஞர்களுக்குக் கைத்தொழில் போதும் என்ற அந்தப் பாதையை டு பாய்ஸ் 1903இல் கடுமையாக விமர்சித்தார். உயர்கல்வியின் கதவைச் சாத்திவிட்டுக் கையில் கருவியைக் கொடுப்பது யாருக்கு வசதி என்பதுதான் அவர் விமர்சனத்தின் சாரம். 1946இல் அம்பேத்கர் கடிதம் எழுதித் தொடர்புகொண்டது இந்த டு பாய்ஸைத்தான்.

இங்கே சாதாராவில் கர்மவீர் பாவுராவ் பாட்டீல் 1924இல் நடத்திய விடுதியைப் பார்க்கலாம். அவரது ரயத் கல்வி நிறுவனம்தான் மகாராஷ்டிரத்தில் 'சம்பாதித்துக்கொண்டே படி' முறைக்கு முன்னோடி. இன்றும் புனே பல்கலைக்கழகத்தில் அந்தத் திட்டம் அவர் பெயரில் நடக்கிறது. அந்த விடுதியில் எல்லாச் சாதி, எல்லா மதப் பிள்ளைகளும் இருந்தார்கள். எல்லாரும் வேலை செய்தார்கள், எல்லாரும் சேர்ந்து உண்டார்கள். மராத்தா பையனும் மகார் பையனும் ஒரே வேலையைச் செய்தபோது அந்த வேலைக்குச் சாதி இல்லாமல் போனது. நம் கல்லூரிகள் அவர் திட்டத்தின் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு, 'எல்லாரும்' என்ற சொல்லைக் கழற்றிவிட்டன.

அம்பேத்கர் செய்தது இன்னொரு வகை. 1946இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியைத் தொடங்கியபோது, வேலைக்குப் போகும் ஏழை மாணவர்களை மனதில் வைத்துக் காலையிலேயே வகுப்புகளை வைத்தார். பகலில் ஏதோ ஓர் அலுவலகத்தில் எழுத்தராக இருக்கும் பையன் காலையில் வந்து பட்டம் படிக்கலாம். மாணவனின் வறுமையைப் பார்த்து அவனுக்கு ஒரு வாளி கொடுக்கவில்லை, கல்லூரியின் கடிகாரத்தைத் திருப்பி வைத்தார். எங்களுக்கு மிகவும் பிடித்த வழி இதுதான். இதைச் செய்ய ஒரு ரூபாய் நிதி ஒதுக்கீடுகூடத் தேவையில்லை, கால அட்டவணையைத் திருத்தினால் போதும். எந்தக் கல்லூரி முதல்வரிடம் சொன்னாலும் சிரித்துக்கொண்டே தலையாட்டுகிறார்கள், அட்டவணை மட்டும் அப்படியே இருக்கிறது.

அமெரிக்காவுக்கு எம்.எஸ். படிக்கப் போகும் நம்மூர்ப் பிள்ளைகளையும் சொல்லியாக வேண்டும். மாணவர் விசாவில் போனவர்கள் வகுப்பு நடக்கும் காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம்வரை வேலை பார்க்கலாம். டைனிங் ஹாலில் தட்டுக் கழுவுவார்கள், மேசை துடைப்பார்கள். ஏப்ரன் போட்டுப் படமெடுத்து, உழைப்பின் கண்ணியம் என்று எழுதிப் போடுவார்கள். வீட்டில் குடித்த காபி டம்ளரைக்கூடக் கழுவியிராத கைகள். நல்லது, கழுவட்டும். அங்கே அது ஏன் கண்ணியமாகத் தெரிகிறது என்பதைப் பாருங்கள். மணிக்கு இத்தனை டாலர் என்று எழுத்தில் இருக்கிறது, பணம் வங்கிக்கு வருகிறது, பக்கத்தில் நின்று அதே தட்டைக் கழுவுகிறவர் யார் வீட்டுப் பிள்ளை என்று யாருக்கும் தெரியாது. அதோடு, அவர்கள் அதைச் செய்து முடித்துவிட்டுத் திரும்பும்போது தட்டுக் கழுவியவர் என்ற பெயர் கூடவே வருவதில்லை. எங்கள் பையன் தூக்கிய தண்ணீர் கேன் மூன்று வருடமும் அவன் பெயரோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

அமெரிக்கா சொர்க்கம் என்று சொல்லவில்லை. அங்கும் மாணவர்கள் போராடித்தான் வாங்கினார்கள். அம்பேத்கர் 1913இல் போய்ச் சேர்ந்த கொலம்பியா பல்கலைக்கழகத்தின் வழக்கில்தான், மாணவ உதவியாளர்களும் ஊழியர்களே, அவர்கள் சங்கம் அமைக்கலாம் என்று 2016 ஆகஸ்டில் அந்நாட்டுத் தொழிலாளர் உறவு வாரியம் தீர்ப்பளித்தது. இங்கே சங்கம் என்று வாயைத் திறந்தால் டி.சி.யைக் கையில் கொடுத்துவிடுவார்கள்.

எங்கள் இயக்கத் தோழர்களில் சிலர், நம் பிள்ளைகள் எந்த வேலையும் செய்யக் கூடாது, படிக்க மட்டும்தான் வேண்டும், மீதியை அரசு பார்க்கட்டும் என்கிறார்கள். அந்தக் கோபம் புரிகிறது. ஆனாலும் இதில் நாங்கள் உடன்படவில்லை. எங்கள் மையத்துக்கு வந்த ஒரு தங்கச்சிக்கு வேறொரு கல்லூரியில் நூலக வேலை கிடைத்தது. மூன்று மணியிலிருந்து ஐந்தரை வரை. திரும்ப வரும் புத்தகங்களை வாங்கி, பதிவேட்டில் குறித்து, அடுக்கில் அதனதன் இடத்தில் வைக்க வேண்டும். முதல் மாதம் பயந்துகொண்டே இருந்தாள். பிறகு ஒரு நாள் வந்து, "அக்கா, பசங்க என்கிட்ட வந்து புக்கு எங்க இருக்குன்னு கேக்கறாங்க" என்றாள். அவள் வீட்டில் பாடப்புத்தகம் தவிர வேறு புத்தகம் இருந்ததில்லை. ஊர்த் தெருவில் அவளிடம் யாரும் நின்று ஒரு தகவல் கேட்டதும் இல்லை. நூலகர் விடுப்பில் போன ஒரு நாள் சாவியை அவளிடம் கொடுத்துவிட்டுப் போனார். அந்தச் சாவியைப் பற்றி அவள் ஒரு வாரம் பேசினாள். இப்போது நூலக அறிவியல் படிக்க விண்ணப்பித்திருக்கிறாள். சம்பளமும் வங்கிக் கணக்கில் வந்தது, அதிலிருந்துதான் விண்ணப்பக் கட்டணம் கட்டினாள். இந்த வாய்ப்பை எப்படி வேண்டாம் என்பது?

ஆகவே எங்கள் கோரிக்கை திட்டத்தை நிறுத்துவது அல்ல. எந்தெந்த வேலை, எத்தனை மணி நேரம், மணிக்கு என்ன சம்பளம் என்பது அறிவிப்புப் பலகையில் எல்லாரும் பார்க்க ஒட்டப்பட வேண்டும். விண்ணப்பம் வாங்கி, ஆள் தேர்வு நடக்கும் குழுவில் பட்டியல் சாதி, பழங்குடி ஆசிரியர் ஒருவரும் மாணவப் பிரதிநிதியும் உட்கார வேண்டும். நூலகம், ஆய்வகம், கணினி, அலுவலகம் என்று சுழற்சியில் எல்லாருக்கும் எல்லா வேலையும் வர வேண்டும். துப்புரவு வேலை எந்த மாணவருக்கும் கூடாது. அதற்கு ஆள் நியமித்து முழுச் சம்பளம் கொடுப்பது கல்லூரியின் கடமை. மாணவரைப் பாதிச் சம்பளத்தில் பிடித்து அந்தச் செலவை மிச்சம் பிடிக்கிற தந்திரம் ஏற்கெனவே சில இடங்களில் எட்டிப் பார்க்கிறது, அங்கே வேலை இழப்பதும் எங்கள் தெரு அம்மாக்கள்தான். சம்பளம் வங்கி வழியாக, குறித்த தேதியில் வர வேண்டும். தேர்வுக்கு முந்தைய இரண்டு வாரம் வேலை இருக்கக் கூடாது. எல்லாவற்றையும்விட, வேலை கொடுத்துவிட்டோம் என்று சொல்லி உதவித்தொகையைத் தாமதப்படுத்தவோ குறைக்கவோ கூடாது. உதவித்தொகை எங்கள் உரிமை, அதற்குப் பதிலாக யாருக்கும் நாங்கள் தண்ணீர் கேன் தூக்க வேண்டியதில்லை.

கூலி கொடுக்காமல் வேலை வாங்குவதை அரசியல் சட்டத்தின் 23ஆவது பிரிவு தடை செய்கிறது. பட்டியல் சாதியினரைக் கட்டாய உழைப்பில் ஈடுபடுத்துவது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் தண்டனைக்குரிய குற்றம். 'சின்ன உதவிதானே' என்று கேட்கும் அலுவலகக் கண்காணிப்பாளர்களுக்கு இது தெரிந்திருப்பது நல்லது. மாணவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

அரசுக் கல்லூரியோ உதவி பெறும் கல்லூரியோ என்றால் பத்து ரூபாய் செலவில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டுவிடலாம். உங்கள் கல்லூரியில் மாணவர்களுக்குக் கொடுத்த வேலைகள் என்ன, யார் யாரை எந்த முறையில் தேர்ந்தெடுத்தீர்கள், அந்தத் தொகை எந்தத் தலைப்பில் செலவு எழுதப்பட்டது, சம்பளப் பதிவேட்டின் நகல் எங்கே. நாங்கள் எங்கள் மாவட்டத்தில் இரண்டு கல்லூரிகளுக்கு இப்படி மனு போட்டிருக்கிறோம், முப்பது நாள் இன்னும் முடியவில்லை. அந்த மனுவைக் கல்லூரிப் பெயர் போட இடம்விட்டுத்தான் தட்டச்சு செய்து வைத்திருக்கிறோம். வேண்டுவோர் கேளுங்கள், அனுப்புகிறோம்.